மூன்றாம் ஓலைக்கு ஒரு தடை

கிருஷ்ணகிரி
24-6-1957

மதிப்பிற்குரிய திரு. பாக்கியராஜ் அவர்களுக்கு,

ஜெபசீலி எழுதுவது. காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது. நலமாக இருக்கிறேன். மிகவும் நலமாக இருக்கிறேன். இரண்டு தடவை எழுதுவதற்குக் காரணம், ஒரு தடவை சொன்னால் நம்புகிற ஆள் நீங்கள் இல்லை.

போன சனிக்கிழமை ஓசூரிலிருந்து பஸ் ஏறி, ஒரு டஜன் சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வந்தீர்களே, அது நல்ல காரியம். நிச்சயம் செய்த பெண் ப்ளூ காய்ச்சலில் படுத்து எழுந்தால் வரத்தான் வேண்டும். வந்தவர் பழத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். என் அம்மா, பக்கத்து வீட்டு மாரம்மா, எங்கள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, இந்த மூன்று பேர் முன்னிலையில் நீங்கள் சொன்னதை அப்படியே திருப்பி எழுதுகிறேன். "கோமாரி வந்து எழுந்த கன்னுக்குட்டிய ஓட உடக் கூடாதுங்க. இவங்களையும் ஒரு மாசம் கட்டிப் போடுங்க."

கட்டிப் போட வேண்டுமாம்! அன்றிலிருந்து மாரம்மா எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம், "கன்னுக்குட்டி என்னா பண்ணுது?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் மருத்துவருக்குக் கையாளாக இருக்கிறவருக்குப் பார்ப்பதெல்லாம் மாடாகத் தெரியலாம். நான் நாலாம் வகுப்பு டீச்சர்.

வருகிற சனிக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரையும் கோட்டை மலைக்குக் கூட்டிப்போகிறேன். உச்சி வரைக்கும் ஏறப் போகிறேன். தகவலுக்காக எழுதினேன்.

இப்படிக்கு,
ஜெ. ஜெபசீலி


மத்திகிரி
26-6-1957

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய கடிதத்தைப் பண்ணையில் பால் கறக்கும் கங்கப்பனிடம் மட்டும் காட்டினேன். படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இந்த அம்மா பலே கெட்டிங்க. நீ தொலைஞ்ச" என்றான். அவனுக்கு உங்கள்மேல் ஒரே மரியாதை.

மூன்று பேர் முன்னால் சொன்னது தப்பு. மன்னிக்க வேண்டும். ஆனால் சொன்ன விஷயம் தப்பு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் படியுங்கள்.

போன வருஷம் கெலமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கோமாரி ஊசி போடப் போயிருந்தோம். ஒரு வீட்டில் நாலு மாதக் கன்று. வாய்ப்புண் ஆறிவிட்டது, குளம்புப் புண்ணும் ஆறிவிட்டது, நன்றாகத் துள்ளிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் சந்தோஷத்தில் அவிழ்த்துவிட்டார். தாயைப் பார்த்து ஓடியது. பாதி வழியில் விழுந்தது, பிறகு எழுந்திருக்கவில்லை. எங்கள் மருத்துவர் அதை அறுத்துப் பார்த்தபோது நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இதயம் முழுக்க வெளுத்த வரிகள். "காய்ச்சலைக் கொண்டுவந்த கிருமி போகிற போக்கில் இதயத்தையும் புண்ணாக்கிவிட்டுப் போகும். மேலே பார்த்தால் தெரியாது" என்றார்.

உங்களைப் பார்க்க வந்த அன்று வாசலிலிருந்து தண்ணீர்ச் சொம்பு எடுத்து வந்து கொடுத்தீர்கள். பத்து அடி தூரம். மூச்சு வாங்கியது. மற்றவர்கள் பேச்சில் இருந்தார்கள், நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைக்குப் போகாதீர்கள். போயே தீருவேன் என்றால் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு டீச்சரை ஏற்றிவிடுங்கள். உத்தரவாக எழுதவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
பாக்கியராஜ்


மத்திகிரி
4-7-1957

அன்புள்ள ஜெபசீலிக்கு,

பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தேன். பெண்கள் வார்டுக்குள் விடவில்லை. வாசலிலிருந்து பார்த்தேன், கண்ணை மூடிப் படுத்திருந்தாய். மலையில் எண்பதாவது படியில் நீ விழுந்ததும், பிள்ளைகள் கீழே ஓடி ஆள் கூட்டி வந்து, வேட்டியில் தூளி கட்டி உன்னை இறக்கியதும் உன் அம்மா சொல்லித் தெரிந்தது. அந்த முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மாம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

பதில் எழுத வேண்டாம். கை தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னாராம். நான் சொன்னேன் அல்லவா என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். இப்போது எழுதியதோடு சரி. நீங்கள் என்று எழுத வரவில்லை, கோபித்துக்கொள்வதானால் எழுந்து வந்து கோபித்துக்கொள்.

பாக்கியராஜ்


பெங்களூர், மிஷன் ஆஸ்பத்திரி
19-7-1957

அன்புள்ள உங்களுக்கு,

இது என் கையால் எழுதுகிற கடிதம். எழுத்து கோணலாக இருக்கிறதா பாருங்கள், இல்லவே இல்லை.

முதல் பன்னிரண்டு நாள் ஒரே மோசம். கால் இரண்டும் வீங்கி, தலை சீவினால் மூச்சு முட்டி, நாடி தறிகெட்டு ஓடியது. துடிப்பைக் கோடு கோடாக எழுதும் யந்திரம் ஒன்றைத் தினம் மாட்டினார்கள். படுக்கையும் ஓய்வும் வழக்கமான மருந்தும் பலிக்கவில்லை. பிறகு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவிடம் இல்லை, என்னிடம் பேசினார். ப்ளூ கிருமி இதயத் தசையை வீங்க வைத்துவிட்டதாம். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு என்று புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறதாம். மூட்டுக் காய்ச்சலில் கெட்ட இதயத்துக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரிக் கிருமி தாக்கிய இதயத்துக்குக் கொடுத்தவர்கள் சொற்பம். கொடுத்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம் என்று சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்களாம். "பிழைக்க வைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஆனா சும்மா பார்த்துக்கிட்டு இருக்க எனக்கு மனசு வரலை" என்றார். கசக்குமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். சரி கொடுங்கள் என்றேன்.

ஆறாம் நாள் கால் வீக்கம் வடிந்தது. எட்டாம் நாள் நானே இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டேன். மாத்திரையாலா, ஓய்வாலா, கர்த்தராலா என்று கேட்டேன். "எனக்கே தெரியாது, மூணுக்கும் நன்றி சொல்லிடு" என்றார்.

இப்போது பசி இருக்கிறதே, அதை எப்படி எழுதுவேன்! பக்கத்துக் கட்டிலில் பர்கூர் சரசம்மா இருக்கிறார். அவருக்கு வந்த ராகிக் களியில் பாதி எனக்குத்தான். எனக்கு உப்பு ஆகாது என்பதால் தொட்டுக்கொள்ள வெறும் மோர். அதையும் வழித்துச் சாப்பிடுகிறேன். காரணமே இல்லாமல் சந்தோஷம் வருகிறது. பாட்டுப் பாடி நர்ஸிடம் திட்டு வாங்கினேன். மாத்திரையின் குணம் அப்படித்தானாம்.

இன்னொரு குணமும் உண்டு. முகம் ஊதிவிட்டது. கன்னம் இரண்டும் வந்து கண்ணை மூடப் பார்க்கின்றன. அக்டோபர் கடைசி வரைக்கும் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். உடம்பு தானாகச் சுரக்கிற ஒன்றை, மாத்திரை வந்ததும் சுரக்காமல் விட்டுவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று ஆகி, தலைசுற்றி வாந்தி எடுத்து, உயிருக்கே ஆபத்து என்று மூன்று தடவை சொன்னார்.

இனி வேலை விஷயம். நீங்கள் சொன்னது சரி, நான் செய்தது திமிர். இதயம் முழுக்கத் தேறும் என்றுதான் டாக்டரம்மா நினைக்கிறார், ஆனால் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆகவே இந்தச் சம்பந்தத்திலிருந்து நீங்கள் விலகிக்கொள்ளலாம். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பசியோடு எழுதுகிறேன்.

ஜெபசீலி


மத்திகிரி
23-7-1957

அன்புள்ள ஜெபசீலிக்கு,

முடியாது.

அடுத்த விஷயம். இத்துடன் வரும் கூடையில் நாகரசம்பட்டி மாம்பழம் இருபது இருக்கிறது. டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டேன், பழம் சாப்பிடலாமாம், ஊறுகாய்தான் கூடாதாம். சரசம்மாவுக்குக் குறைந்தது ஐந்து கொடு. களிக் கடன் இருக்கிறது.

முகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் வீட்டுக்குப் பெண் பார்க்க வருவதற்கு ஆறு மாதம் முன்பே எனக்கு உன்னைத் தெரியும். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் நான் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். இந்தப் பக்கம் ஒரு பெண், கண்டக்டர் தீர்த்தகிரியைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தாள். கர்ப்பிணி ஒருத்தியை ஏற்றாமல் பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டானாம். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். அந்தக் குரல் யாருடையது என்று தீர்த்தகிரியிடமே கேட்டேன். "அய்யோ, அந்த டீச்சரா? வேணாம்பா" என்று சொல்லி விலாசத்தையும் கொடுத்தான். மாத்திரை குரலையும் ஊத வைக்கிறதா? இல்லை அல்லவா? பிறகென்ன?

நீ பிழைத்தது எனக்குப் போதும். நேற்றுத் தொழுவத்தில் கங்கப்பனைத் தூக்கிச் சுற்றினேன். "பேடா, பேடா" என்று கத்தினான். வேண்டாம் என்று கன்னடத்தில் கத்தினால் விட்டுவிடுவேனா?

பாக்கியராஜ்


கிருஷ்ணகிரி
28-8-1957

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் அவசரம் உங்களுக்குத் தெரியும். சீக்காளிப் பெண் என்று ஊர் முடிவு கட்டுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று செப்டம்பர் நாலாம் தேதி குறித்துவிட்டார். இங்கேயும் ஓசூரிலும் கோயிலில் இரண்டு ஞாயிறு நம் பேரை ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. யாரும் தடை சொல்லாவிட்டால் புதன்கிழமை கல்யாணம்.

ஓலை தொடங்கிவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா பிடிவாதம். அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது, என்மேல் ஆணை.

கல்யாணத்துக்குப் பெங்களூரிலிருந்து போட்டோக்காரர் வருகிறார் அல்லவா? அந்தப் படம் சுவரில் ஆயுசு முழுக்கத் தொங்கும். நான் இருக்கிற இருப்பில் கேமராவுக்குள் என் கன்னம் மட்டும்தான் அடங்கும். மாரம்மா இப்போது கன்னுக்குட்டி என்று சொல்வதில்லை, பூசணிக்காய் என்கிறார். ஆகவே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். அம்மா கொடுக்கும்போது வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன். இவ்வளவு பெரிய கன்னத்தில் ஒரு மாத்திரை எங்கே தெரியப் போகிறது? கல்யாணம் ஆன மறுநாளே மறுபடி தொடங்கிவிடுவேன்.

இரண்டு நாளாகக் கொஞ்சம் தலை சுற்றுகிறது, காலையில் வாந்தி. கல்யாணக் களைப்புத்தான். முகமும் இம்மியளவு வற்றியிருக்கிறது என்று கண்ணாடி சொல்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சந்தோஷப்படுங்கள், போதும்.

ஜெபசீலி


கிருஷ்ணகிரி
1-9-1957, மாலை

திரு. பாக்கியராஜ் அவர்களுக்கு,

மூன்றரை மணி பஸ்ஸில் செய்தி வந்துவிட்டது. உங்கள் கோயிலுக்குப் போயிருந்தவர்கள் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மூன்றாம் ஓலை வாசித்து, தடை உண்டா என்று போதகர் கேட்டபோது, இரண்டாம் பெஞ்சிலிருந்து மாப்பிள்ளையே எழுந்து நின்று "தடை இருக்கிறது" என்றாராம்! அதற்குமேல் கேட்காமல் உள்ளே போய்விட்டேன்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாசலில் பந்தக்கால் நிற்கிறது. விலகிக்கொள்ளுங்கள் என்று ஜூலையில் நானே எழுதினேனே, அப்போது முடியாது என்று ஒற்றை வார்த்தை எழுதியவர், இப்போது ஊர் கூடிய இடத்திலா சொல்ல வேண்டும்? குரலைக் கேட்டுத் தேடி வந்தேன் என்றதெல்லாம் என்ன? என் முகத்தைப் பற்றி உங்களுக்கு எழுதியிருக்கவே கூடாது. என்னால் உட்கார முடியவில்லை, தலை சுற்றுகிறது. இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

ஜெ. ஜெபசீலி


மத்திகிரி
1-9-1957, இரவு

என் ஜெபசீலிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் தீர்த்தகிரி உன் கையில் கொடுப்பான். கொடுக்கும்போது அவனைத் திட்டாதே, அவன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை.

முதலில் மாத்திரையை விழுங்கு. விழுங்கிவிட்டு வந்து மீதியைப் படி.

விழுங்கிவிட்டாயா? சரி. உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் கிடைத்தது. தலைசுற்றல், வாந்தி என்று எழுதியிருக்கிறாய். அது கல்யாணக் களைப்பு இல்லை. திடீரென்று நிறுத்தினால் என்ன வரும் என்று ஜூலையில் நீயே எனக்கு எழுதினாய், அதே வார்த்தைகள். கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆணை வைத்துவிட்டாய். எங்கள் மருத்துவரிடம் பேர் சொல்லாமல், "ஒரு நோயாளி" என்று சொன்னேன். அவர் பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டார். ஒரு நோயாளி என்று அவர் ஆரம்பித்ததுமே டாக்டரம்மா, "கிருஷ்ணகிரி டீச்சர்தானே?" என்றாராம். ஆகவே அவரிடம் சொன்னது நான் இல்லை. பழைய அளவையே உடனே எடுக்க வேண்டும், நாளைக்கே காரில் படுக்க வைத்துக் கூட்டி வர வேண்டும் என்றார். கார் காலையில் உன் வாசலுக்கு வரும். மாதாந்தரப் பரிசோதனை என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொள்.

மாத்திரையை எடு என்று எழுதினால் மட்டும் எடுப்பாயா? புதன்கிழமை போட்டோ இருக்கும்வரை எடுக்க மாட்டாய். மலைக்குப் போகாதே என்றபோது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். போட்டோ இருக்கக் கூடாது என்றால் கல்யாணம் இருக்கக் கூடாது. அதனால்தான் எழுந்தேன்.

நான் எழுந்ததும் என் அக்கா சாராள் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டாள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "தம்பி, நீதானே மாப்பிள்ளை?" என்றார். "ஆமாங்க ஐயா." "அப்ப என்ன தடை?" என்ன சொல்வேன்? உன் ரகசியம் உன்னுடையது. "பொண்ணுமேல ஒரு குறையும் இல்லீங்க. மாப்பிள்ளை இன்னும் தயாராகலை. ரெண்டு மாசம் டயம் வேணுங்க" என்றேன். கோயிலே சிரித்தது. என்னோடு வந்திருந்த கங்கப்பன் பின்னால் நின்றுகொண்டு, "ஆமாங்க, இன்னும் தயாராகலை" என்று சாட்சி வேறு சொன்னான். இன்று முழுக்க மத்திகிரியில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், "என்னாப்பா, தயாராயிட்டியா?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

உனக்குத் தலைகுனிவு வந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பு. உயிரோடு இருந்து என்னைத் திட்டு. அந்த ஊதின முகம் பிழைத்து வந்த முகம், அதில் இம்மியளவு குறைந்தாலும் எனக்குச் சம்மதம் இல்லை.

பாக்கியராஜ்


பெங்களூர், மிஷன் ஆஸ்பத்திரி
4-9-1957

அன்புள்ள மாமா,

இன்று நம் கல்யாண நாள். உப்பில்லாத கஞ்சி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

தீர்த்தகிரி கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுகொண்டான். முதல் வரியைப் படித்ததும் உள்ளே போய் மாத்திரையை விழுங்கினேன். விழுங்கிவிட்டாயா என்று கேட்டிருந்தீர்களே, ஆமாம் என்று காகிதத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். தீர்த்தகிரி பயந்துபோனான். கடைசி வரை படித்து முடித்ததும் அவன் முன்னாலேயே அழுதேன், பிறகு சிரித்தேன். இந்தத் தடவை மாத்திரை மேல் பழி போட முடியாது.

உங்களைத் தேடி என் கோபக் கடிதம் வந்திருக்கும். கிழித்துவிடுங்கள். டாக்டரம்மா இரண்டு நாள் ரத்தக் குழாயில் மருந்து ஏற்றினார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சங்கதி வேறு என்று சொல்லி என் காதைப் பிடித்துத் திருகினார். பிறகு, "கட்டிக்கப் போற ஆளு அவர்தானா?" என்று கேட்டு, யந்திரம் வரைந்த கோட்டைக் காட்டினார். ஒழுங்கான கோடு.

அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். என் மாப்பிள்ளையை ஊர் சிரிக்கும்போது எனக்கு எதற்கு ரகசியம்? அம்மா இப்போது நம் கிருஷ்ணகிரியில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறார். மாரம்மாவுக்கு இரண்டு தடவை சொன்னாராம்.

உங்கள் ஜெபசீலி


கிருஷ்ணகிரி
21-10-1957

அன்புள்ள மாமா,

இன்று காலையிலிருந்து அரை மாத்திரை. சனிக்கிழமையோடு அதுவும் இல்லை. நேற்றுக் கோயில் படி ஒன்பதையும் நிற்காமல் ஏறினேன், மூச்சு வாங்கவில்லை. பின்னால் அம்மா விசிறியோடு வந்தார், அவருக்குத்தான் வாங்கியது. முகம் பாதி வற்றிவிட்டது, மீதிப் பாதி முப்பதாம் தேதி போட்டோவுக்காக அப்படியே இருக்கிறது. சரசம்மாவுக்குப் பத்திரிகை அனுப்பிவிட்டேன், களியோடு வருவாராம்.

முதலிலிருந்து ஓலை வாசிக்கத் தொடங்கி, நேற்றோடு இரண்டு ஆயிற்று. உங்கள் கோயிலில் வருகிற ஞாயிறு கூட்டம் நெரியும் என்று தீர்த்தகிரி சொல்கிறான். ஓசூருக்கு ஸ்பெஷல் பஸ் விடலாமா என்று அவன் முதலாளி யோசிக்கிறாராம். மூன்றாம் ஓலையின்போது நீங்கள் எழுந்திருக்கிறீர்களா என்று பார்க்கத்தான் அத்தனை பேரும்.

எழுந்தீர்களோ, கோமாரி வந்த கன்று என்றெல்லாம் பார்க்க மாட்டேன். இங்கிருந்து ஓசூர் வரைக்கும் ஓடி வந்து உங்கள் சட்டையைப் பிடிப்பேன்.

உங்கள் ஜெபசீலி


மத்திகிரி
24-10-1957

என் ஜெபசீலிக்கு,

ஞாயிற்றுக்கிழமை என்னை நடுவில் உட்கார வைத்து, ஒரு பக்கம் கங்கப்பனும் மறு பக்கம் சாராள் அக்காவின் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. போதகரே செய்தது.

நீ ஓடி வர வேண்டாம். புதன்கிழமை வாசலிலிருந்து மெதுவாக நடந்து வா. வழியில் நிற்க வேண்டும் என்று தோன்றினால் நின்று வா. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பேன். தயாராகிவிட்டேன்.

பாக்கியராஜ்